அடுத்த வீட்டான் இட்ட பெயர்

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1881ல் ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஜேம்ஸ் பாண்டை உண்டாக்கிய இயான் பிளெமிங்கின் தாத்தாவும் ஸ்காட்லாந்துக்காரர். இருவரும் உறவுக்காரர்கள் இல்லை. இருவருக்கும் பொதுவான அந்தக் குடும்பப் பெயருக்கு அர்த்தம் மட்டும் ஒன்றே. பிளெமிங் என்றால் பிளாண்டர்ஸ்காரன். இன்றைய பெல்ஜியத்தின் மேற்கிலும் பிரான்ஸின் வடகோடியிலுமாக இருந்த பழைய பிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து வந்தவன்.

அகராதி இத்துடன் நின்றுவிடுகிறது. ஆனால் இது பாதி அர்த்தம்தான் என்று எனக்குப் படுகிறது. மதுரைச் சந்தையில் நின்றுகொண்டு 'ஏ தமிழா' என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எல்லோருக்கும் பொருந்துகிற பெயர் யாருக்கும் பெயராகாது. பிளாண்டர்ஸின் நடுவில் ஒருவனைப் பிளாண்டர்ஸ்காரன் என்று அழைத்து அடையாளம் காட்ட முடியாது. அவன் கடலைத் தாண்டி, அல்லது ஒரு பாஷையின் எல்லையையாவது தாண்டி, வேறு ஆட்கள் நடுவில் போய் நின்ற பிறகே அந்தச் சொல் அவன் மேல் ஒட்டும். பெல்ஜியத்திலேயே டி விளாமிங்க் என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். பழைய பிளாண்டர்ஸ், பெல்ஜியத்தின் ஒரு பகுதி மட்டுமே. பக்கத்துப் பிராபண்டுக்குக் குடிபோனவனுக்கு அங்கே அந்தப் பெயர் கிடைத்திருக்கும். பாரிஸில் பிறந்த ஓவியர் விளாமிங்கின் தகப்பனார் பிளாண்டர்ஸ்காரர். எங்கே பார்த்தாலும் கதை ஒன்றுதான். இந்தப் பெயர் ஒருவன் எங்கிருந்து வந்தான் என்பதைவிட, எங்கே யார் கண்ணில் பட்டான் என்பதையே அதிகம் சொல்கிறது. அது வந்தவனுடைய பெயர் இல்லை. அவனைப் பார்த்தவர்களின் காதும் நாக்கும் செய்துகொண்ட பெயர்.

நம்மூர் வேர்ச்சொல் ஆராய்ச்சியின் மேல் எனக்குள்ள அதிருப்தி இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பெயரைக் கண்டால் உடனே அதன் வேரைத் தோண்டி, அது தமிழ் என்று நிறுவி, மகிழ்ந்து, மண்ணை மூடிவிடுகிறோம். யார் யாரைப் பார்த்து எந்த இடத்தில் எந்தக் குரலில் இதைச் சொன்னார்கள் என்று கேட்பதில்லை. பெயருக்கு வேர் மட்டுமல்ல, தொனியும் உண்டு.

*

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறக்குறைய 1108ல், இங்கிலாந்து அரசன் முதலாம் ஹென்றி பிளாண்டர்ஸ் மக்களைக் கூட்டங்கூட்டமாக வேல்ஸின் தென்மேற்கு மூலையில் கொண்டுபோய்க் குடியமர்த்தினான். கடல் ஏறி அவர்கள் நிலம் போய்விட்டது என்று வேல்ஸ் நாட்டுப் பழைய வருடக் குறிப்பு சொல்கிறது. அரசனுக்கு அவர்கள் மேல் இரக்கம் மட்டும்தானா என்பது வேறு விஷயம். அடங்காத வேல்ஸ் மக்களுக்கு நடுவில், உள்ளூரில் உறவில்லாத ஒரு கூட்டத்தை வைப்பது ராஜதந்திரம். ஸ்காட்லாந்து அரசர்களும் அதே நூற்றாண்டில் பிளாண்டர்ஸ்காரர்களை அழைத்து நிலம் கொடுத்தார்கள். அந்தக் கால லத்தீன் சாசனங்களில் அவர்கள் 'பிளாண்ட்ரென்ஸிஸ்' என்றும், பிரெஞ்சு கலந்த வழக்கில் 'லெ பிளெமிங்' என்றும் பதிவானார்கள். 'லெ' என்ற அந்தச் சுட்டு இருக்கும்வரை அது வர்ணனை: 'அந்தப் பிளாண்டர்ஸ்காரன்'. சுட்டு உதிர்ந்த நாளில் அது பெயராகிவிட்டது. அதற்குள் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தாத்தாவின் பாஷையை மறந்திருப்பார்கள். பாஷை போன பிறகே பெயர் உறுதிப்படுகிறது என்பது இதில் உள்ள விசித்திரம்.

எல்லோருக்கும் அது ஒட்டவுமில்லை. பிளாண்டர்ஸ் வழிவந்தவன் என்று கருதப்படும் ஃப்ரெஸ்கின் என்பவனுக்கு மொரே பகுதியில் நிலம் கிடைத்தது. அவன் சந்ததி அந்த நிலத்தின் பெயரைச் சூடிக்கொண்டு மர்ரே ஆனது. பிளெமிங் என்ற பெயரோடே பிரபுக்களான குடும்பமும் ஸ்காட்லாந்தில் உண்டுதான். இருந்தாலும் நிலம் கிடைத்தவனுக்குப் பெயரை மாற்றிக்கொள்ள ஒரு வழி இருந்தது. கைத்தொழிலை மட்டும் கொண்டுவந்தவனுக்கு அந்த வழி இல்லை.

கைத்தொழில்காரர்கள் பெருவாரியாக வந்தது மூன்றாம் எட்வர்டின் காலத்தில். 1331ல் ஜான் கெம்ப் என்ற பிளாண்டர்ஸ் நெசவாளிக்கு அரசன் பாதுகாப்புக் கடிதம் கொடுத்தான். 1337ல் வெளிநாட்டுத் துணி நெசவாளர்கள் யார் வந்தாலும் பாதுகாப்பு உண்டு என்று சட்டமே ஆயிற்று. இங்கிலாந்து கம்பளியை விளைவித்தது. அதைத் துணியாக்கிப் பணம் பார்த்தது பிளாண்டர்ஸ். அந்தப் பணம் உள்ளூரிலேயே நிற்க வேண்டும் என்பது அரசனின் கணக்கு. லண்டன் நெசவாளர் சங்கத்தின் கணக்கு வேறு. தங்கள் சங்கத்தில் சேராமல், தங்கள் கட்டணத்தைக் கட்டாமல், தறி போடும் இந்த அந்நியர்களை அவர்கள் கடைசிவரை ஏற்கவில்லை.

அதன் உச்சம் 1381 ஜூன் 14. குடியானவர் கலகத்தின் நடுவில், லண்டனில் செயின்ட் மார்ட்டின் வின்ட்ரி என்ற தேவாலயத்துக்குள் ஒளிந்திருந்த 35 பேரளவிலான பிளாண்டர்ஸ்காரர்களை வெளியே இழுத்துத் தலையை வெட்டினார்கள். 'பிரெட் அண்ட் சீஸ்' என்று சொல்லச் சொல்லி, ஆங்கில உச்சரிப்பு வராதவர்களைக் கொன்றதாக ஒரு லண்டன் குறிப்பு சொல்கிறது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எல்லோரும் தினம் தின்கிற பண்டங்கள். தின்பதில் வித்தியாசமில்லை. சொல்வதில்தான்.

*

ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவனுக்கு இந்தச் சம்பவம் வேறொரு வாசல் வழியாக வருகிறது. சாசர் 1374 முதல் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்கைச் சரிபார்க்கும் உத்தியோகத்தில் இருந்தார். பதிவேடுகளைத் தன் கைப்படவே எழுத வேண்டும் என்பது நியமன நிபந்தனை. இந்த ஒன்றுக்காகவே வங்கிக் குமாஸ்தாக்கள் அவரைத் தங்கள் ஆளாகப் பாவிக்கலாம். பிளாண்டர்ஸ் தறிகளுக்குப் போன கம்பளியின் கணக்கு அவர் பேனாவின் கீழ் நடந்தது. அவர் குடியிருந்தது ஆல்ட்கேட் கோட்டை வாசலுக்கு மேலே. எஸ்ஸெக்ஸ் கலகக்காரர்கள் நகருக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாக. வெட்டு நடந்த வின்ட்ரி பகுதியில்தான் அவருடைய தகப்பனாரின் வீடு.

இவ்வளவு அருகில் இருந்த கவி அதைப் பற்றி என்ன எழுதினார்? கன்னிமடத்துப் பாதிரியார் சொல்லும் கதையில் ஒரே ஓர் உவமை. சேவலை நரி கவ்விக்கொண்டு ஓடுகிறது. கிழவி, மகள்கள், நாய், பசு, வாத்து, தேனீ எல்லாம் கூச்சலிட்டுத் துரத்துகின்றன. ஜாக் ஸ்ட்ராவின் ஆட்கள் பிளெமிங்குகளைக் கொல்லப் போனபோதுகூட இதில் பாதிச் சத்தம் போட்டிருக்கமாட்டார்கள் என்கிறார். அவ்வளவுதான். அந்தக் கலகத்தை அவர் நேரடியாகச் சொல்லும் ஒரே இடம் இது என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சேவல் கதையில் சிரிக்காமல் என்ன செய்வது?

சாசருக்கு மனசாட்சி இல்லை என்று இதை வைத்துக் குற்றம் சாட்டுகிற விமர்சனம் சுலபமானது. ஒரு நீண்ட புலம்பலை எழுதி நம்மைக் கண்ணீர்விட வைத்திருந்தால் திருப்தியாகியிருப்போம். பிறகு மறந்தும் போயிருப்போம். அவர் சாவைச் சொல்லவில்லை. சத்தத்தை மட்டும் சொல்கிறார். வீட்டு ஜன்னலுக்குள் சாவு வருவதில்லை, சத்தம்தான் வருகிறது. கொல்லப்பட்டவர்களுக்கு அங்கே பெயர் கிடையாது. பிளெமிங் என்ற பொதுப் பெயர் மட்டும்தான். தப்பித்த இடத்திலிருந்து ஒருவன் பேசக்கூடியது இவ்வளவே என்ற பிரக்ஞை அந்த உவமையில் இருப்பதாக இப்போது எனக்குத் தோன்றுகிறது. இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

*

தமிழனுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பது நமக்கு ஒரு பெருமை. 1929ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பலர் விட்டார்கள். தலையெழுத்து ஒன்றோ இரண்டோ போதும் என்றாயிற்று. எங்கள் வங்கியில் விண்ணப்பத்தின் 'கடைசிப் பெயர்' கட்டத்தின் முன் வாடிக்கையாளர்கள் பேனாவைத் தூக்கிக்கொண்டு தயங்கும்போது அந்தப் பெருமையை நான் நேரில் பார்க்கிறேன். ஆனால் காகிதத்தில் இல்லாத பெயர் தெருவில் இல்லை என்று ஆகிவிடாது.

நான் இருக்கும் மூக்கண்டப்பள்ளி, ஓசூரை ஒட்டிய தொழிற்பேட்டைப் பகுதி. 1970களில் சிப்காட் வந்த பிறகு முளைத்த பட்டறைகளும் லைன் வீடுகளும். சந்திரசூடேஸ்வரர் கோயில் கல்வெட்டுகளில் செவிடபாடி என்று இருக்கும் ஊர், இன்று 'ஹொஸ ஊரு' என்ற கன்னடப் பெயரால் வழங்குகிறது, அதாவது புதூர். மூக்கண்டப்பள்ளியில் உள்ள 'பள்ளி'யைக் கன்னடக்காரர் 'ஹள்ளி' என்பார். 1956ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது இந்த வட்டாரம் சென்னை ராஜ்யத்தில் நின்றது. தெலுங்கும் கன்னடமும் வீட்டுப் பாஷையாக உள்ளவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கோடுதான் அவர்களைச் சுற்றி வந்தது.

இந்தக் கோட்டின் இருபக்கமும் பிளெமிங்குகள் உண்டு. பழங்கன்னடத்தில் 'திகுள' என்றால் தமிழன். இன்று திகளர் என்பது பெங்களூரில் பூவும் கீரையும் பயிரிடும் தோட்டக்காரச் சமூகத்தின் பெயர். அவர்கள் தங்களை வன்னிகுல க்ஷத்திரியர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெங்களூரின் பெரிய திருவிழாவான கரகத்தைச் சுமப்பவர்கள் இவர்களே. தர்மராய சுவாமி கோயிலில் திரௌபதியை வழிபடும் அந்த விழா, செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களின் உறவு. 'அந்தத் தமிழன்' என்று யாரோ சுட்டியது ஜாதிப் பெயராகி, அதற்கு ஒரு பேட்டையும் ஏற்பட்டு, இன்று நகரமே அவர்கள் கரகத்துக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறது. பெயரில் இருந்த 'அந்நியன்' கரைந்துவிட்டான். ஆனால் அதே நகரத்தில், பிறகு போன தமிழனுக்கு வேறொரு சொல் தயாராக இருந்தது: 'கொங்கா'. கொங்கு நாட்டான் என்ற நிரபராதியான சொல்தான். திருநெல்வேலிக்காரனும் அங்கே கொங்காதான். தொனியைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

நாம் மட்டும் சளைத்தவர்களா? வடக்கே மொழி மாறும் நிலத்தில் கொடிய நாய்களோடு திரிகிறவர்கள் என்று சங்கக் கவிகள் வடுகரைச் சொல்கிறார்கள். வடக்கிலிருப்பவன் வடுகன். பிறகு தெலுங்கு பேசுகிறவர்கள் எல்லோருக்கும் அது பெயராயிற்று. வடுகப்பட்டிகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. இன்று அந்தப் பெயரில் யாருக்கும் நாய் குரைப்பது கேட்பதில்லை. உலகம் முழுக்க இதுதான் வழக்கம். ஹங்கேரியில் நேமெத் என்பது மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். ஜெர்மானியன் என்று அர்த்தம். அந்தச் சொல்லின் ஸ்லாவிய மூலம் 'ஊமை'. நம் பாஷை பேசாதவன் பேசாதவனே என்பது அண்டை வீட்டானின் தர்க்கம்.

*

தர்மபுரிப் பக்கம் எங்கள் பூர்வீகக் கிராமத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயர் 'கன்னடத்தான் வீடு'. என் கொள்ளுத்தாத்தா மளவள்ளியிலிருந்து மாட்டு வியாபாரமாக வந்து தங்கிவிட்டவர். ஆயா தமிழில் திட்டுவாள், கன்னடத்தில் காசு எண்ணுவாள். அப்பா தலைமுறையில் எண்ணுவதும் தமிழாகிவிட்டது. பெயர் மட்டும் நின்றது. நிலத்தகராறு வந்தால் 'வந்தேறிக் கன்னடத்தானுக்கு என்ன பேச்சு' என்பார்கள்.

அப்பா பிழைப்புக்காகப் பெங்களூர் போனார். பீன்யாவில் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டினார். அங்கே அவர் கொங்கா. ஒரே மனிதருக்கு நூறு மைல் இடைவெளியில் எதிரெதிரான இரண்டு பெயர்கள். இரண்டும் அவர் வைத்துக்கொண்டவை அல்ல.

1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பலர் இறந்தார்கள். பல்லாயிரம் பேர் ஓடிவந்தார்கள். தமிழ்நாட்டில் கன்னடம் பேசுகிறவர்களும் தாக்கப்பட்டார்கள் என்பதை நாம் அவ்வளவாக நினைவு வைத்துக்கொள்வதில்லை. அப்பா வேலை முடிந்து வந்த பஸ்ஸை நிறுத்தி ஏறினார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: 'நிம்ம ஊரு யாவுது?' அப்பா, ஆயாவின் கன்னடத்தில், மளவள்ளி என்றார். விட்டுவிட்டார்கள். பக்கத்து ஸீட்டில் இருந்தவர் பதில் சொல்லத் திணறினார். அவரை இறக்கினார்கள். அடுத்த வாரம், ஒரு வயதுக் குழந்தையான என்னையும் தூக்கிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் ஓசூர் வந்தார்கள்.

ஊர் கேலியாக வைத்த பெயருக்குள் ஒளிந்திருந்த நாலு கன்னட வார்த்தை அப்பாவைக் காப்பாற்றிற்று. இதை ஒரு நீதிக்கதையாகச் சொல்ல அப்பாவுக்குத் தெரியாது. அவர் சொல்வது வேறுவிதம். கேட்டவனின் குரலை அப்படியே எடுத்து, 'நிம்ம ஊரு யாவுது' என்று முழங்கி, தன்னுடைய நடுங்கின 'மளவள்ளி'யையும் நடித்துக் காட்டிச் சிரிப்பார். கல்யாண வீடுகளில் கேட்டுச் சொல்லச் சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்து ஸீட்டுக்காரர் அந்த நடிப்பில் வருவார், இறங்குவார், அத்தோடு இல்லை. அவர் பெயர் என்னப்பா என்று ஒருமுறை கேட்டேன். 'யாருக்குத் தெரியும். நம்மாளுதான்' என்றார்.

சாசரின் சேவல் கதையை நான் மறுபடி படித்தது அதற்குப் பிறகு.

*

மூக்கண்டப்பள்ளியில் அப்பா பிராவிடண்ட் பண்டுப் பணத்தில் ஆறு அறைகள் கொண்ட லைன் வீடு கட்டினார். குடியிருப்பவர்கள் ஒரிஸாக்காரர்கள், பீஹார்காரர்கள். அச்சு வார்ப்பிலும் பெயின்ட் ஷாப்பிலும் ஷிப்ட் பார்க்கிறார்கள். அவர்கள் கணக்கு எங்கள் கிளையிலும் உண்டு என்பதால் எனக்கு அவர்கள் முழுப் பெயர் தெரியும். நாயக், பெஹரா, சாஹு, யாதவ். அப்பாவின் வாடகை நோட்டில் இந்தப் பெயர்கள் இல்லை. 'வடக்கன் ரூம் 1', 'வடக்கன் ரூம் 2' என்று ஆறு வரை. தலைப்பில் மாதம், எதிரில் தொகை.

இதை நான் அப்பாவிடம் எடுத்துச் சொன்னேன். அவருக்கு அதில் விரோதம் ஒன்றும் இல்லை. காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கித் தருவார். ஊருக்குப் போனால் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார். 'வாய்க்குள்ள நுழையாத பேரை எழுதி என்ன பண்றது? அடையாளத்துக்குத்தானே' என்றார். அடையாளத்துக்குத்தான். லத்தீன் சாசனம் எழுதியவனும் வேறு எதற்காக எழுதினான்? ஒரு பெயர் பகையில் பிறப்பதாக நினைத்துக்கொள்வது நமக்கு வசதி. பெரும்பாலும் அது சோம்பலில் பிறக்கிறது, கணக்கு நோட்டில் பிறக்கிறது. பகை வரும் நாளில் அது ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கிறது. பட்டறைகளில் உள்ளூர்ப் பையன்களுக்கு வேலை இல்லை, வடக்கன் குறைந்த கூலிக்கு வருகிறான் என்ற பேச்சு டீக்கடையில் நடக்கிறது. லண்டன் நெசவாளர்களின் பேச்சும் ஏறக்குறைய இதுதான். வடுகன் போய் வடக்கன் வந்திருக்கிறான். திசை மாறவில்லை.

பிளெமிங்கிலும் திகளரிலும் நஞ்சு இறங்கிப் பெயர் மட்டும் நின்றதைக் காட்டி, காலம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று ஆறுதல் கொள்ளலாம். அந்த ஆறுதல் எனக்குப் போதவில்லை. காலம் சரிசெய்தது பெயரைத்தான். தேவாலயத்திலிருந்து இழுக்கப்பட்டவர்களுக்கும் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவருக்கும் அது எதையும் சரிசெய்யவில்லை.

மூன்றாம் அறையில் குடும்பத்தோடு இருப்பவருக்கு இங்கேயே பிறந்த பெண் குழந்தை. நாலு வயது. அங்கன்வாடிக்குப் போகிறது. ஒரியா அதன் அம்மாவோடு மட்டும். மற்றதெல்லாம் தமிழ், அதுவும் இந்த வட்டாரத்துத் தமிழ். போன மாதம் முக்குக் கடையில் மிட்டாய்க்கு நின்றது. புதிதாக வந்த கடைக்காரர் கேட்டார்: 'யார் வீட்டுப் பாப்பா நீ?'

குழந்தை துளி யோசனையும் இல்லாமல், தெளிவாக, 'வடக்கன் வீடு' என்றது.